எத்தனை டன் போடணும்?

சென்னையில் துணிக்கடை திறப்பவர் ஏசி காண்ட்ராக்டரிடம் முதலில் கேட்பது, "எத்தனை டன் சார்? எவ்வளவு ஆகும்?" மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பார். "எதுக்கும் ரெண்டு டன் கூடவே போடுங்க" என்பார்.

தப்பு அங்கேதான் ஆரம்பம். கடலோர ஊரில் வெயிலைவிடப் பெரிய தொல்லை காற்றிலுள்ள ஈரம். குளிர்ந்த காயிலில் காற்று தொடர்ந்து பட்டால்தான் அந்த ஈரம் தண்ணீராக வடியும். அளவுக்கு மீறிய மெஷின் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரம் உள்ளேயே தங்கும், துணியில் பூஞ்சை பிடிக்கும். நஷ்டம் கடைக்காரருக்கு!

1902-ல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக ஏசியை வடிவமைத்ததே ஈரத்தை அடக்கத்தான். ஈரத்தில் தாள் விரிந்து கலர் விலகியதாம்.

ஆகவே போனிலேயே டன் சொல்பவர் வேண்டாம். நேரில் வந்து டேப் வைத்து அளக்கட்டும். எத்தனை பேர் வருவார்கள், கதவு எத்தனை முறை திறக்கும், தண்ணீர் எங்கே வடியும் என்று கேட்கட்டும். கொட்டேஷனோடு ஐந்து வருஷ கரண்ட் பில்லையும் சர்வீஸ் செலவையும் கூட்டிப் பாருங்கள். மலிவானவர் யார் என்பது அப்போதுதான் தெரியும்.