விஸ்வநத்தத்திலிருந்து ஒரு விளையாட்டுப் பயணம்



விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டிக் கிடக்கிறது விஸ்வநத்தம். அவ்வூரை நீங்கள் கண்ணால் கண்டிராவிட்டாலும், அவ்வட்டாரத்தின் கைவேலை உங்கள் இல்லத்தில் நிச்சயம் இருக்கும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் அடுப்படியில் கிடக்கும் தீப்பெட்டியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிவகாசியின் பெயர் அவற்றில் அச்சாகியிருக்கக் கூடும். மழை குறைந்த கரிசல் பூமியில் விவசாயம் கைவிட்டபோது, 1920களில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் அம்மக்களுக்குச் சோறு போட்டது. பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் அதனோடு சேர்ந்துகொண்டன.

நாடெங்குமுள்ள பிள்ளைகள் குதூகலிப்பதற்கான பொருளைச் செய்து அனுப்பும் ஊர் இது. இவ்வூரின் சொந்தப் பிள்ளைகள் குதூகலிப்பது எப்போது? தீபாவளி முடிந்தபின் பட்டாசு ஆலைகள் சில நாட்கள் கதவடைக்கின்றன. போனஸ் பணத்தில் கொஞ்சம் கையில் மிஞ்சியிருக்கும். அந்த நாட்களில்தான் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, தீம் பார்க் எனப்படும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் புறப்படுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் அந்த ஒரு நாளை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். சிவகாசி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதினாலும், எவ்வூர்க் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

விளையாட்டும் ஓர் உரிமையே

"வணக்கத்துக்கே நேரம் போதவில்லை, விளையாட்டுக்கு வேறு பயணமா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் நம்மீது தனித்தனியே உரிமைகள் உண்டு என்பதும், ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் நபிமொழி தரும் போதனை. உரிமை என்று வந்துவிட்டால் பங்கீடும் வந்துவிடுகிறது. குடும்பச் சுற்றுலாவில் நாம் தவறவிடுவது இந்தப் பங்கீட்டைத்தான்.

சற்று எண்ணிப் பாருங்கள்! பூங்காவினுள் நுழைந்ததும் பிள்ளைகள் இராட்டினத்துக்கு ஓடுகிறார்கள். அத்தா கேமராவும் கையுமாகப் பின்னால் ஓடுகிறார். நன்னி முழங்கால் வலியோடு நிழல் தேடுகிறார். அம்மாவோ பைகளுக்குக் காவலாகக் காலை முதல் மாலை வரை ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். அதிகாலையில் எழுந்து அனைவருக்கும் கட்டுச்சோறு கட்டியவரும் அவரே! வீட்டில் செய்த காவலை வெளியூரில் போய்ச் செய்வதற்குப் பெயர் விடுமுறையா?

அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி, தம் பெண்மக்கள் ராட்டினக் குதிரையில் சுற்றுவதைப் பூங்கா பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்கு உதித்ததாகக் கூறியுள்ளார். அவ்வெண்ணத்தில் பிறந்த டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. அன்று என்ன நடந்தது தெரியுமா? போலி அனுமதிச் சீட்டுகளோடு பெருங்கூட்டம் புகுந்தது. வெயிலோ கொளுத்தியது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர் ஊற்றுகள் பல வறண்டு கிடந்தன. கோடிகளைக் கொட்டியவரையே கூட்டமும் வெயிலும் தண்ணீரும் திணறடித்தன என்றால், நம் போன்றோர் முன்கூட்டித் திட்டமிடாமல் போகலாமா?

ஆலை கற்றுத்தந்த பாடம்

திட்டமிடுவது விஸ்வநத்தத்து மக்களுக்குப் புதிதன்று. பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யக்கூடாது. உராய்வில் மின்பொறி எழும் என்பதால் நைலான் போன்ற செயற்கை இழை ஆடை ஆகாது. பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். இவ்விதிகளை மீறினால் விளைவு என்னவென்பதை அவ்வூர் கண்ணீரோடு அறியும்.

பூங்காவுக்கும் இத்தகைய விதிகள் உண்டு. பெரிய இராட்டினங்களுக்கு 140 செ.மீ. உயரம் கேட்பது வழக்கம். வீட்டுச் சுவரிலேயே பிள்ளைகளின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டால், வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபின் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை அழும் காட்சியைத் தவிர்க்கலாம். இதய நோயாளிகளும் கருவுற்ற தாய்மாரும் வேகமான இராட்டினங்களில் ஏறலாகாது.

ஆடையில் ஒரு வேடிக்கை பாருங்கள்! ஆலையில் விலக்கப்பட்ட நைலானைத்தான் நீர் விளையாட்டுப் பூங்காக்கள் பல கேட்கின்றன. அங்கு பருத்திக்கு அனுமதியில்லை. ஆதலால் உடலோடு ஒட்டாத, கைகால்களை மறைக்கும் செயற்கை இழை உடையை முன்னரே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கென்று தனிக் குளமோ தனி நேரமோ உண்டா என்று தொலைபேசியில் கேட்டறியுங்கள். இல்லையெனில் நம் பெண்மக்கள் நீர்ப்பகுதியைத் தவிர்த்து மற்ற விளையாட்டுகளில் மகிழட்டும். சுழலும் இராட்டினங்களில் துப்பட்டாவின் நுனியும் புர்காவின் ஓரமும் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. முந்தானையை நன்கு செருகி, தலைத்துணியை இறுக்கிக் கட்டிய பிறகே ஏற வேண்டும்.

எந்த நாள், எந்த ஊர்?

ஆலைக்கு நீண்ட விடுமுறை என்றாலும் பள்ளிக்கூடத்துக்கு அவ்வாறில்லை. எனவே சனி, ஞாயிறுதான் வசதிப்படும். ஞாயிறன்று கூட்டம் மிகும். மறுநாள் காலை பிள்ளைகள் பள்ளியில் தூங்கி வழிவார்கள். ஆதலால் சனிக்கிழமையே நன்று. வெள்ளிக்கிழமையை ஜும்ஆவுக்கு விட்டுவிடுங்கள். மதரசா உஸ்தாதிடமும் முன்னதாகவே விடுப்புச் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால், இடி மின்னலின்போது திறந்தவெளி இராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். வானிலை அறிவிப்பைக் கேட்டு, மாற்று நாள் ஒன்றையும் குறித்து வையுங்கள்.

ஒருநாள் பயணத்துக்கு மதுரை–திண்டுக்கல் சாலையில் பரவை அருகேயுள்ள அதிசயம் பூங்கா ஏற்றது. விஸ்வநத்தத்திலிருந்து விருதுநகர், திருமங்கலம் வழியாக வேனில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடலாம். இரண்டு மூன்று நாள் ஒதுக்க இயன்றவர்களுக்கு நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் அருகே பிளாக் தண்டர் உண்டு. கேரளத்தில் கொச்சியை அடுத்த பள்ளிக்கரையில், 2000-ஆம் ஆண்டு வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கி இன்று வொண்டர்லா என்றழைக்கப்படும் பூங்காவும் உண்டு.

ஒரு நாளின் வழித்திட்டம்

மூவர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். வேன் புறப்படுமுன் ஓர் அமீரைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு நம் ஊர் தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்புறத்தில், முதலில் தொழுகை நேரங்களை எழுதுங்கள். விளையாட்டை அவற்றுக்கு நடுவில் நிரப்புங்கள். நவம்பர் முதல் வாரத்தில் நம் பகுதிக்கான கணக்கு இது: ஃபஜ்ர் ஏறத்தாழ 5 மணி, லுஹர் 12 மணியை அடுத்து, அஸர் ஷாஃபிஈ மத்ஹபின்படி 3.25, ஹனஃபி மத்ஹபின்படி 4.15, மஃரிப் 6 மணிக்குச் சற்று முன்.

காலை 5: ஃபஜ்ர் தொழுகை. 6.45-க்குப் புறப்பாடு. வெளி உணவைப் பூங்காக்கள் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. கட்டுச்சோற்றை வழியிலேயே உண்டுவிடலாம். முதியோரின் சர்க்கரை மாத்திரையும் உணவோடு சேர்ந்து வயிற்றுக்குப் போய்விடும்.

9.30: பூங்கா வாயில். கதவு திறக்குமுன் வரிசையில் நிற்பவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது, பிற்பகலில் மூன்று மணி நேரம் நின்றாலும் கிடைக்காது. பைகளை லாக்கரில் வைத்துப் பூட்டுங்கள். பிரிந்தால் வந்து சேர வேண்டிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தொலைபேசி எண் எழுதிய சீட்டைச் சிறுவர் சட்டைப்பையில் வையுங்கள்.

10 முதல் 12 வரை: வரிசை நீளுமுன் பெரிய இராட்டினங்கள். மருந்துக் கலவையைப் போல இதுவும் வெயிலுக்கு முன் முடியட்டும்.

12.15: லுஹர். தொழ இடம் எதுவென்று நுழையும்போதே கேட்டு வையுங்கள். மதுரைப் பக்கத்தில் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே சாய்ந்தது. அதன்பின் உணவு. அசைவத்தில் ஐயமிருந்தால் சைவம் உண்பதே பேணுதல்.

1.15 முதல் 2 வரை: ஓய்வு. இது நன்னிக்கும் கைக்குழந்தைக்குமான நேரம். எவரும் இதைக் களவாடக்கூடாது.

2 முதல் 4 வரை: நீர் விளையாட்டு, அல்லது எஞ்சிய இராட்டினங்கள். இதில் முதல் ஒரு மணி நேரம் அம்மாவுடையது! கைக்குழந்தையை அத்தா வாங்கிக்கொள்ளட்டும். எந்த இராட்டினம், எந்தப் பிள்ளையோடு, அல்லது எதுவும் வேண்டாம் என்று நிழலில் சாய்ந்திருப்பதா? அம்மாவே முடிவு செய்யட்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் 3.30-க்கு அஸர் தொழுதுவிட்டு மீண்டும் விளையாடலாம்.

4: உடை மாற்றுதல், ஒளு. நீரில் கலந்த சிறிதளவு குளோரின் வாசனையால் அந்நீரின் தூய்மை நீங்கிவிடாது. 4.20-க்கு ஹனஃபிகளின் அஸர். 4.45-க்குப் புறப்பாடு; வழியில் ஒரு பள்ளிவாசலில் மஃரிப்; இஷாவுக்கு வீட்டில்.

கஸ்ர் பற்றி ஐயம் எழும். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் சலுகைக்குப் பயணத் தொலைவு ஹனஃபிகளிடம் ஏறத்தாழ 77 கி.மீ.; ஷாஃபிஈகளிடம் 80 கி.மீ.க்குச் சற்று மேல். பரவைப் பயணம் இந்த எல்லைக்கு மிக அருகில் அமைவதால், ஊர் எல்லையிலிருந்து கணக்கிட்டு உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே தந்த திட்டம் முழுமையாகத் தொழுபவருக்கும் இடம் கொடுக்கிறது.

கொச்சிக்குச் செல்பவருக்கு இந்த ஐயமே இல்லை. அது தெளிவான பயணம். லுஹர், அஸர், இஷா மூன்றும் இரண்டிரண்டு ரக்அத். ஷாஃபிஈகள் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு. 2023 முதல் மதுரை–குருவாயூர் விரைவு வண்டி சிவகாசி, தென்காசி, கொல்லம் வழியாக எர்ணாகுளம் செல்கிறது. முதல் நாள் ரயிலும் உறக்கமும், இரண்டாம் நாள் பூங்கா, மூன்றாம் நாள் காலை கொடுங்கல்லூர் சேரமான் பள்ளிவாசல் என்று வகுத்தால், இராட்டினத்தோடு வரலாறும் பிள்ளைகளின் நெஞ்சில் தங்கும்.

கடன் வேண்டாம்

செலவில் வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களையே திருமறை பாராட்டுகிறது. வேன் வாடகை, அனுமதிச் சீட்டு, லாக்கர், பகலுணவு, மருந்துக்கான கைச்செலவு ஆகிய ஐந்தையும் எழுதிக் கூட்டுங்கள். தொகை மிகுந்தால் முன்பணமோ வட்டிக் கடனோ வாங்காதீர்கள். ஒரு நாள் சுற்றிய இராட்டினத்துக்காக ஓராண்டு கூலியிலிருந்து கழிபடுவது எந்த வகை மகிழ்ச்சி? வத்திராயிருப்புக்கு அருகில் பிளவக்கல் அணை இருக்கிறது. மலையடிவாரக் காற்றும் சிறுவர் பூங்காவும் அங்கே உண்டு. திட்டம் அதுவே, ஊர் மட்டுமே வேறு.

வாசகச் சகோதரிகளே! 1980களில் இந்தச் சிவகாசி வட்டாரத்துக் கிராமங்களில் பொழுது விடியுமுன் ஆலைப் பேருந்துகள் வந்து நிற்கும். தூக்கம் கலையாத சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆலைகளுக்குப் போகும். குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் அவர்களின் பிள்ளைப் பருவம் கரைந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அதன்பின் பல்லாண்டு முயற்சியால் நிலை பெரிதும் மாறியது. அன்று அப்பேருந்தில் ஏறிய சிறுமிகள் இன்று அன்னையராகவும் பாட்டியராகவும் இருக்கிறார்கள். விடியலில் வந்து நிற்கும் வேன் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளை விளையாட ஏற்றிச் செல்கிறது. அந்த வேனில் அவர்களுக்கும் ஓர் இருக்கையும், அந்த நாளில் அவர்களுக்கென்று ஒரு மணி நேரமும் வேண்டாமா? தாளில் எழுதும்போது அந்த மணி நேரத்தைத் தொழுகைக்கு அடுத்ததாக எழுதுங்கள்.

பயணம் துன்பத்தின் ஒரு பகுதி என்றும், வந்த காரியம் முடிந்ததும் இல்லம் திரும்ப விரைக என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஆசை மிச்சமிருக்கும்போதே புறப்படுங்கள். வல்ல நாயன் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் இல்லங்களை மகிழ்ச்சி நிறைந்தவையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.