பெரியப்பாவின் டம்ளர்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதன் விளிம்புக்குக் கீழே ஆணியால் கீறிய ஒரு பெருக்கல் குறி. அது பெரியப்பாவின் டம்ளர், வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட குறி. போட்டது ஊர்க்காரர்கள் அல்ல. நாங்கள்தான்.

டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலத்தில், அந்தக் கடை முன்னால் முதலில் போய் உட்கார்ந்தவர் பெரியப்பா. அடி வாங்கினார், வழக்கையும் வாங்கினார், ஆனால் தனி டம்ளரை எடுக்க வைத்தார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு டிபி என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டுக்குள் நாங்கள் தனி டம்ளர் வைத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குறியைப் பார்த்தார், தண்ணீரைக் குடித்தார், கவிழ்த்து வைத்தார். மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம், 2014-ல் இறந்துபோனார். இத்தனை வருடமாக இதை நாங்கள் எழுதவில்லை. காரணம் வெட்கம்தான்.

பெரியப்பா கல்குவாரியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். இருமல் வந்தபோது தூசி என்றார். சாயங்காலக் காய்ச்சலை அலுப்பு என்றார். வேட்டி இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் டவுனுக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடியே, "உங்க ஆளுங்க சுத்தமா இருக்கறதில்ல, சாராயம் வேற. அப்புறம் வராம என்ன பண்ணும்?" என்றார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். நாங்களும் குனிந்துகொண்டோம். அதைவிட மோசம், பாதி நம்பவும் செய்தோம். வியாதி நம் தப்பு என்று நம்புகிறவன்தான் டம்ளரில் குறி போடுவான்.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறோம், ஏனென்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

முதல் செய்தி: காசநோய் டம்ளரில் பரவுவதில்லை. தட்டில், பாயில், துணியில் பரவுவதில்லை. காற்றில் பரவுகிறது. நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகளை, காற்றோட்டமில்லாத அறையில் கூட இருப்பவர் சுவாசித்தால் ஒட்டுகிறது. நாங்கள் டம்ளரைத் தனியாக வைத்தோம், ஜன்னல் இல்லாத ஒரே அறையில் எல்லாரும் சேர்ந்து படுத்தோம்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியம். உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருடைய உடலில் இந்தக் கிருமி நுழைந்திருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்கள் உடம்பு கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி "யாருக்குக் கிருமி ஒட்டியது?" என்பது மட்டுமல்ல, "யாருடைய உடம்பால் அடக்க முடியவில்லை, ஏன்?" என்பதும்தான்.

கிருமி நுரையீரலுக்குள் போனதும் மேக்ரோபேஜ் என்ற காவல் செல் அதை விழுங்குகிறது. ஆனால் காசநோய்க் கிருமி விழுங்கப்பட்ட பிறகும் அந்தச் செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். மேக்ரோபேஜ் தனியாக அதைக் கொல்ல முடியாமல் திணறும். அப்போது டி செல்கள் வந்து ஒரு தகவலைக் கொடுக்க வேண்டும். அந்தத் தகவல் ஒரு சின்னப் புரதம், அதன் பெயர் இன்டர்ஃபெரான் காமா. அது கிடைத்தால்தான் மேக்ரோபேஜுக்கு உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லும் பலம் வருகிறது. மேக்ரோபேஜ் தன் பங்குக்கு டிஎன்எஃப் என்ற இன்னொரு புரதத்தை வெளியிடும். அது மற்ற செல்களைக் கூப்பிட்டு, கிருமியைச் சுற்றி கிரானுலோமா என்ற ஒரு கோட்டையைக் கட்டிக் காக்க உதவுகிறது. இப்படிச் செல்லுக்குச் செல் தகவல் சொல்லும் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன்.

இந்தத் தகவல் போகாவிட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். 1996-ல் மால்டாவிலும் துனிசியாவிலும் சில குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் வந்தன. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான, மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத கிருமிகளாலும், பிசிஜி தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த கிருமியாலும்கூட அவர்கள் கடுமையாக நோயுற்றிருந்தார்கள். இன்டர்ஃபெரான் காமாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அவர்கள் செல்களில் பழுதாகப் பிறந்திருந்தது. தகவல் வந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அடுத்தது 2001. முடக்குவாதத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற விலை உயர்ந்த ஊசி வந்திருந்தது. மூட்டை வீங்க வைக்கும் டிஎன்எஃப்பைத் தடுப்பதுதான் அதன் வேலை. மூட்டு வலி குறைந்தது. ஆனால் அந்த ஊசி போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக அந்த வருடம் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பலருக்கு ஊசி தொடங்கிச் சில வாரங்களிலேயே வந்துவிட்டது. கோட்டையைக் காத்த சைட்டோகைனைத் தடுத்ததும், உள்ளே தூங்கிய கிருமி எழுந்துகொண்டது. இன்று அந்த ஊசியைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்வது மருத்துவ விதி.

பணக்கார நாட்டில் ஊசி செய்ததை எங்கள் தெருவில் செய்தது எது? பசி.

அதே 1996-ல் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. காசநோய்க் கிருமி செலுத்திய எலிகளில் ஒரு பகுதிக்குப் புரதம் மிகக் குறைந்த தீனி கொடுத்தார்கள். அவற்றின் நுரையீரலில் இன்டர்ஃபெரான் காமாவும் டிஎன்எஃப்பும் சரியாகச் சுரக்கவில்லை, கிரானுலோமா ஒழுங்காக அமையவில்லை. அவை சீக்கிரம் செத்தன. புரதத் தீனியைத் திரும்பக் கொடுத்தபோது அந்தச் சாவைத் தடுக்க முடிந்தது. எலி அதே எலி, கிருமி அதே கிருமி. மாறியது தீனி.

பெரியப்பாவின் நுரையீரலில் பசியோடு கல்தூசியும் இருந்தது. மேக்ரோபேஜ் கிருமியை விழுங்குவதுபோல சிலிக்கா தூசியையும் விழுங்கும். ஆனால் தூசியைச் செரிக்க முடியாது. அது செல்லைக் கிழிக்கும், செல் இன்டர்லூக்கின்-1 என்ற சைட்டோகைனைக் கக்கிச் சாகும், அடுத்த செல் வந்து அதே தூசியை விழுங்கும். வருடக்கணக்கில் இது நடந்தால் நுரையீரல் தழும்பாகிறது. அந்த நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. குவாரியில் யார் உடைக்கிறார்கள், யார் கல்லாவில் உட்காருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த நோய்க்கு நம் மொழியில் எலும்புருக்கி என்று பெயர். பெரியப்பா கண்ணெதிரே உருகியபோது, கிருமிதான் சதையைத் தின்கிறது என்று நினைத்தோம். உண்மை அதைவிடக் கொடுமை. கிருமியோடு மாதக்கணக்கில் சண்டை போடும் உடம்பு டிஎன்எஃப்பையும் அதன் கூட்டாளிச் சைட்டோகைன்களையும் விடாமல் சுரக்கிறது. அவைதான் காய்ச்சலைக் கொடுக்கின்றன, பசியைக் கொல்கின்றன, தசையைக் கரைக்கின்றன. 1985-ல் நியூயார்க்கில் ஆய்வாளர்கள், உடம்பை உருக்குவதால் காக்கெக்டின் என்று தாங்கள் பெயரிட்டிருந்த புரதமும் டிஎன்எஃப்பும் ஒன்றுதான் என்று கண்டார்கள். காப்பதும் அதுதான், உருக்குவதும் அதுதான். பெரியப்பா தட்டை ஒதுக்கியபோது "கொழுப்பு, வச்சத தின்ன மாட்டேங்குறாரு" என்று திட்டினோம். அவருக்குப் பசியே இருந்திருக்காது.

எலிக்கு நடந்தது மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். சென்னையில் 1956-ல் தொடங்கிய ஒரு பேர்பெற்ற ஆய்வு உண்டு. நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு வைத்தார்கள். மீதிப் பேருக்கு நெருக்கடியான சொந்த வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானது. ஏழை வீட்டிலேயே குணமாகலாம், யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கே சொன்ன ஆய்வு அது. எங்களுக்கும் அதில் பெருமைதான். ஆனால் அதிலிருந்து பலர் "மாத்திரை போதும், சோறு முக்கியமில்லை" என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரையால் கிருமி சாகுமா என்பது ஒரு கேள்வி. யார் நோயில் விழுகிறார்கள், விழுந்தவர்களில் யார் சாகிறார்கள் என்பது வேறு கேள்வி.

இந்த இரண்டாவது கேள்விக்கு ஜார்க்கண்டில் பதில் கிடைத்தது. 2019 முதல் 2022 வரை அங்கே ரேஷன்ஸ் என்ற ஆய்வு நடந்தது. 2,800 காசநோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் போனது. வீட்டில் இருந்தவர்களில் ஒரு பகுதிக்கு மட்டும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடியவர்களுக்குச் சாகும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது.

ஐந்து சதவீதம் என்றால், 38 கிலோவாக இருந்த பெரியப்பாவுக்கு இரண்டு கிலோ. அதற்குக் கூட அவரை ஒருவரும் எடை மேடையில் ஏற்றவில்லை. அவர் கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது மாட்டுக்கறி. எங்கள் தட்டில் எட்டும் விலையில் இருந்த புரதம் அதுதான். "டாக்டர் கேட்டா அசிங்கம்" என்று வாங்காமல் விட்டோம்.

"உங்க ஆளுங்க" என்று தொடங்கிய அந்த டாக்டருக்கு இப்போது பதில் சொல்கிறோம். எங்கள் ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. எதிர்ப்புச் சக்தி சாதி பார்த்துப் பிறப்பதில்லை. அது புரதம். சோற்றிலும் பருப்பிலும் முட்டையிலும் கறியிலும் இருந்து உடம்பு தினமும் செய்துகொள்ள வேண்டிய புரதம். நிலம் இல்லாமல், கூலி போதாமல், தூசியில் நிற்க வைத்து ஒரு சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்தால் அந்தத் தகவல் செல்லுக்குப் போய்ச் சேராது.

இப்போது அடுத்த தெருவில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் காசநோய் மருந்து சாப்பிடுகிறாள். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா தனி டம்ளரை மறைத்து வைக்கப் பார்த்தார். அதிலேயே எங்களுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தோம். பிறகு சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், டம்ளரை விட்டுவிடுங்கள். மருந்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் பரிசோதனை கேளுங்கள், தகுதி உள்ளவர்களுக்குத் தடுப்பு மருந்தும் உண்டு. நோயாளிக்கு ஒன்றிய அரசு மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பர் முதல் அது 1,000. அது கணக்கில் ஏறியதா என்று விசாரியுங்கள். நோயாளி நிற்க முடியாமல், மிக மெலிந்து, மூச்சு வாங்கினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களை உடனே சேர்த்துச் சிகிச்சை கொடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லா திட்டம் இருக்கிறது. முட்டையோ மாட்டுக்கறியோ, உடம்பு ஏற்பதைக் கூச்சமில்லாமல் கொடுங்கள்.

அந்தப் பெண்ணின் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி போவோம்.