‘ரவுண்ட்’ என்ன சொல்?

எங்கட பீடத்தில் இங்கிலிஷ் பாடம் சித்தியடையாமல் பட்டம் இல்லை. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்து வந்த எங்களுக்கு, கோடிட்ட சொல் பெயரா வினையா எண்டு கேட்கிற சின்னக் கேள்வியும் பெரிய விசயம்தான்.

எங்களுக்குப் பழக்கப்பட்டது பட்டியல். ‘வோட்டர்’ பெயர்ச்சொல், ‘ரன்’ வினைச்சொல், ‘லி’ எண்டு முடிஞ்சால் வினையடை. பாடமாக்கு, எழுது. ஆனால் ‘வோட்டர் த பிளாண்ட்ஸ்’ எண்டு வந்தவுடனே அதே தண்ணி வினைச்சொல்லாகிப் போகுது. ‘ஃப்ரெண்ட்லி’ எண்டது ‘லி’யில் முடிஞ்சும் பெயரடை. ‘வேர்க்ஸ் ஹார்ட்’ எண்டால் கடுமையாக உழைக்கிற ஆள். ‘ஹார்ட்லி வேர்க்ஸ்’ எண்டால் வேலையே செய்யாத ஆள் மாதிரி!

‘ரவுண்ட்’ இன்னும் மோசம். வட்ட மேசையில் பெயரடை, ‘ஃபைனல் ரவுண்ட்’ இல் பெயர், ‘ரவுண்ட் த கோர்னர்’ இல் முன்னிடைச்சொல், ‘டேர்ன் ரவுண்ட்’ இல் வினையடை, ஓர் எண்ணை ‘ரவுண்ட்’ பண்ணச் சொன்னால் வினை. ஒரு சொல்லுக்கு ஐந்து வேலை. இதைப் பட்டியலில் எந்த நிரலில் எழுதுறது?

யோசிச்சுப் பார்த்தால் தமிழிலும் இது இருக்குது. ‘படி’ எண்டு தனியாகச் சொன்னால் ஏறுகிற படியா, பாடம் படிக்கிறதா எண்டு தெரியாது. ‘படியில்’, ‘படித்தாள்’ எண்டால் வால் காட்டிக் குடுத்துவிடும். பழைய ஆங்கிலத்துக்கும் வால் இருந்தது. அன்புக்கு ‘லுஃபு’, அன்பு செய்வதற்கு ‘லுஃபியன்’. வால்கள் தேய்ந்து தேய்ந்து இண்டைக்கு இரண்டுமே ‘லவ்’. வால் போன பிறகு, வாக்கியத்தில் சொல் நிற்கிற இடம்தான் அதன் அடையாளம்.

அப்ப கேட்க வேண்டிய கேள்வியும் மாற வேண்டும். இந்தச் சொல்லுக்கு முன்னால் ‘த’ நிற்குமா, பன்மையாக்கலாமா? பெயர். இறந்தகாலத்துக்கு மாற்றலாமா? வினை. ‘த’வுக்கும் பெயருக்கும் நடுவில் நிண்டு அந்தப் பெயரை விளக்குதா? அனேகமாகப் பெயரடை. எல்லாச் சிக்கலும் இதில் தீராது. ஆனால் பாடமாக்கிய பட்டியலை விட இது கனதூரம் கொண்டுபோகும்.

இது எங்களுக்குப் புதிய முறையும் இல்லை. வேற்றுமை ஏற்காது, காலம் காட்டும் எண்டுதான் தொல்காப்பியர் வினையை அடையாளம் காட்டினார். சொல்லின் பொருளை அல்ல, அது நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தார். அதைத் தமிழ்ப் பாடத்தில் படிச்ச நாங்கள், இங்கிலிஷ் வகுப்புக்குள்ள போகேக்க மட்டும் ஒண்டும் தெரியாத ஆக்களாகி விடுறம்.

வீட்டில் இங்கிலிஷ் பேசி வளர்ந்தவைக்குக் காது சொல்லித் தரும். எங்களுக்கு அந்தக் காது இல்லை, இலக்கணம் இருக்குது. படிப்பிக்கிறவை அங்கிருந்து தொடங்கினால், பின்வாங்கில் தலை குனிஞ்சிருக்கிற கனபேர் நிமிர்ந்து இருப்பினம்.