காகிதத்தில் மிஞ்சிய குரல்

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்று வெளியானபோது, தமிழ் கேட்கிற இடமெல்லாம் அதே பேச்சாக இருந்தது. காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பாட வைத்திருந்தார் ஏ. ஆர். ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும் ஊதியம் கொடுத்ததையும் அவரே அறிவித்தார். அனுமதி கேட்கத் தெரிந்தவர் கையில் அந்தக் கருவி இருக்கும்வரை சரி. கேட்காதவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று இலங்கையின் புத்தளத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"பாடினவருக்குப் பேர் இருக்கு, பாட்டு இருக்கு, கேக்கிறதுக்குக் குடும்பமும் இருக்கு. வானொலி நாடகத்துல நடிச்சவங்களுக்கு என்ன இருக்கு? பள்ளிவாசல்துறைக்கு ஒருக்கா வாங்க, ஒருவரைக் காட்டுறேன்" என்றார் அவர்.

பாலாவியில் பிரதான வீதியை விட்டு மேற்கே திரும்பினால் கற்பிட்டித் தீபகற்பம். உப்பளங்கள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, காற்றாலைகள், மணலில் பாத்தி கட்டி வெங்காயம் போட்ட தோட்டங்கள். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். பள்ளிவாசல்துறையில் நாங்கள் தேடிப் போனவரை ஊரில் 'ரேடியோ நானா' என்றுதான் சொல்கிறார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. விறாந்தையில் பாய் விரித்து, தேத்தண்ணி வந்து, சுகம் விசாரித்து முடிந்ததும் அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியோடு வந்தார். அதற்குள் நாடகப் பிரதிகள்.

நான் ஒலிநாடாக்கள் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் பேசிய குரல் ஒன்றுகூட அவரிடம் ஒலியாக இல்லை. அந்தக் காலத்தில் நாடா விலைகூடிய சரக்கு. ஒலிபரப்பானதும் அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது உலகமெங்கும் வழக்கமாக இருந்தது. பிபிசியே 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளை அப்படித்தான் இழந்தது. இவருக்கு மிஞ்சியது காகிதம். அந்தக் காகிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டக் காட்ட, நான் கேட்க வந்த மற்றக் கேள்விகள் எல்லாம் பின்னுக்குப் போயின.

ரோணியோ அச்சில் எடுத்த மெல்லிய தாள்கள். ஒரு பக்கம் மட்டுமே எழுத்து. ஊசியோ நூலோ போட்டுக் கட்டியதில்லை. கட்டினால் பக்கம் புரட்ட வேண்டும், புரட்டினால் சரசரப்பு ஒலிவாங்கியில் விழும். வாசித்து முடித்த தாளை ஓசையில்லாமல் பக்கவாட்டில் இறக்கி, கீழே நழுவ விடவேண்டும். ஒருவர் பேசும் வசனம் தாளின் கடைசி வரியில் பாதியில் நின்றால், மிச்சத்தை அந்தத் தாளின் அடியிலேயே கையால் எழுதிக்கொள்வார்கள். வசனங்களுக்கு மேலும் ஓரத்திலும் பென்சில் குறிகள். சாய்கோடு என்றால் மூச்சு. இரட்டைச் சாய்கோடு என்றால், அடுத்தவர் சொன்னதை உள்வாங்கிக்கொண்டு பிறகு பேசு. நெளிகோடு என்றால் முகத்தைத் திருப்பு. அவற்றோடு இலக்கங்கள்: 3, 1, ½. அவை ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே எத்தனை அடி என்ற கணக்கு.

வானொலி நாடகத்தில் நடிகர் நடப்பதே இந்த மூன்றடிக்குள்தான். கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வருகிறார் என்றால், மூன்றடித் தொலைவில் நின்று பேசத் தொடங்கி, பேசிக்கொண்டே ஓரடிக்கு வரவேண்டும். கோபித்துக்கொண்டு போகிறார் என்றால் பின்னோக்கி நடந்தபடி, கடைசிச் சொல்லைச் சுவரைப் பார்த்துச் சொல்லவேண்டும். அரை அடியில் சொல்வது கேட்பவரின் காதுக்குள் சொல்வது. அங்கே குரலே வேண்டாம், மூச்சு போதும்.

மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை அவர். கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். கொழும்பில் குரல் தேர்வில் தேறி, முதன்முதலாக வந்த பாத்திரமும் தோணிக்காரன்தான். காற்றும் மழையுமான காட்சி. ஒரு தட்டில் தண்ணீரை ஆட்டி அலை செய்தார்கள். தகரத்தை உதறி இடி செய்தார்கள். இவர் ஊரில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். கட்டுப்பாட்டு அறையில் ஊசி சிவப்புக்குள் போய் முட்டிக்கொண்டது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றி எறிந்தார்.

"தயாரிப்பாளர் உள்ள வந்து ஏசல்ல தம்பி. என் ரெண்டு தோளையும் புடிச்சு மூணடி பின்னால நிறுத்தினாரு. முகத்தை அந்தச் சுவர்ப் பக்கம் திருப்பினாரு. இப்ப சத்தம் போடாதீங்க, சத்தம் போடுற ஆளா இருங்க எண்டாரு."

அதை அவர் எங்களுக்குச் செய்து காட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது, வயிறு உள்வாங்கியது, முகம் சிவந்தது. வந்த ஒலி அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்காது. ஆனால் களப்பின் அக்கரையில் யாரோ இருக்கிறார், அவரை எட்டியாக வேண்டும் என்ற தவிப்பு அதில் முழுதாக இருந்தது. எத்தனையோ மேடை நாடகங்கள் பார்த்திருக்கிறேன். நடிப்பு என்பது உடம்பு முழுவதையும் செலவழித்துக் குரலை மட்டும் வெளியே அனுப்புவது என்று அந்த விறாந்தையில் கண்டதுபோல் வேறெங்கும் கண்டதில்லை.

இலங்கைத் தமிழ் வானொலி நாடகத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. 'சானா' என்று அறியப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசன் எழுதி, கே. எஸ். பாலச்சந்திரன் முதலியோர் நடித்த 'தணியாத தாகம்', எஸ். ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' எல்லாம் ஒலிபரப்பாகும் நேரத்தில் தெருவில் ஆள் குறைந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 'கோமாளிகளின் கும்மாளம்' 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவே வந்தது. ராஜேஸ்வரி சண்முகம் நாடக நடிகையாக வந்து அறிவிப்பாளராக உயர்ந்தவர். பி. எச். அப்துல் ஹமீதும் அறிவிப்போடு நாடகத்திலும் நின்றவர். இந்தப் பெயர்கள் நிலைத்தன. இவர்களைச் சுற்றி நின்று, கடைக்காரராக, தபால்காரராக, பெண் பார்க்க வந்த மாமாவாகக் குரல் கொடுத்தவர்களின் பெயர்கள் நிகழ்ச்சி முடிவில் ஒருமுறை வாசிக்கப்பட்டதோடு சரி.

ரேடியோ நானாவுக்கும் இலங்கை வானொலியின் தேசிய சேவையில் அப்படிப்பட்ட பாத்திரங்களே வந்தன. அன்று கதாநாயகர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பத்துப் பேச்சையே பேசினார்கள். புத்தளக் கரையோர முஸ்லிம் பேச்சுக்குத் தேநீர்க்கடையும் மீன் வியாபாரமும் ஒதுக்கப்பட்டன. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அந்தப் பேச்சு வரும். இதில் அவருக்கு வருத்தம் உண்டு. சொல்லும்போது குரல் உயரவில்லை, ஆனால் பேச்சு சற்று நின்றது. அதே வானொலியின் முஸ்லிம் சேவை நாடகங்களில்தான் அவர் தகப்பனாகவும், கடனில் மூழ்கிய சம்மாட்டியாகவும், மகளைப் பறிகொடுத்தவராகவும் முழு மனிதராக நடித்தார். அந்தப் பிரதிகளில்தான் பென்சில் குறிகள் அதிகம்.

தனக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதற்காக யாழ்ப்பாணப் பேச்சையும் மன்னார்ப் பேச்சையும் மட்டக்களப்புப் பேச்சையும் மலையகப் பேச்சையும் சக கலைஞர்களிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார். பிறகு 1990 ஒக்டோபர் வந்தது. வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். கற்பிட்டி வீதி நெடுகக் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. கொழும்புக் கலையகத்தில் இவர் பாடமாகப் படித்த மன்னார்ப் பேச்சும் யாழ்ப்பாண முஸ்லிம்களின் பேச்சும், வீடிழந்தவர்களின் வாயிலிருந்து இவர் வீட்டுக் கிணற்றடிக்கே வந்தன. "அதுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தான் மாதிரிப் பேசி யாரையும் சிரிக்க வைக்க எனக்கு ஏலாமப் போயிட்டு" என்றார்.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைக்காட்சிக்கும் குரல் கொடுத்தார்: விவரணப் படங்கள், விளம்பரங்கள், சிங்கள நாடகங்களின் தமிழ் வடிவங்கள். ஒலிக்கலவை இயந்திரங்களைப் பற்றி நிறையச் சொன்னார். அதைவிட வாயசைவு பற்றிச் சொன்னது என் மனதில் நிற்கிறது. சிங்கள வாக்கியமும் தமிழ்போல வினையில்தான் முடியும், ஆகவே நீளம் பெரிய சிக்கல் இல்லை. உதடுதான் சிக்கல். 'மம' என்று தொடங்கும் சிங்கள வசனத்தில் உதடு இரண்டு தடவை மூடும். நம் 'நான்', 'எனக்கு' இரண்டிலும் மூடவே மூடாது. முகம் அண்மையில் தெரியும் காட்சியில் 'எனக்குத் தெரியாது' என்று பேசினால் பொய் அப்பட்டமாகத் தெரியும். 'அம்மாவாணைத் தெரியாது' என்று இவர் மாற்றினார். உதடும் மூடியது, பேச்சும் நம் பேச்சானது. பிரதி எழுதியவருக்குக் கிடைக்காத வசனம், பேசுகிறவரின் வாயில் கிடைத்தது. அதற்குத் தனிக் கூலி எதுவும் இல்லை.

கூலி. பள்ளிவாசல்துறையிலிருந்து கொழும்பு சுமார் 160 கிலோமீற்றர். விடியப் புறப்பட்டு, ஒத்திகை, ஒலிப்பதிவு முடித்து, இரவு பஸ் பிடித்து வந்தால், கையில் வந்த காசில் வழிச்செலவு போக மிஞ்சியது கொஞ்சம்தான். வலையும் வள்ளமும் இல்லாவிட்டால் குடும்பம் நடந்திராது. பிற்காலத்தில் சென்னைத் தொடர்கள் அப்படியே வந்து இறங்க, உள்ளூரில் பத்துப் பேர் கூடிப் பேசவேண்டிய தேவையே குறைந்தது. ஒருமுறை அவர் பேசிக்கொடுத்த விளம்பரம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஓடிய காலம் முழுவதற்கும் கிடைத்தது முதல் நாள் கொடுத்த காசு மட்டும். இடையில் நின்ற முகவர் அதில் எவ்வளவு எடுத்தார் என்பது இவருக்குச் சொல்லப்படவில்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மீனவன் பிடித்த மீனுக்குக் கரையில் நிற்கும் முதலாளி விலை சொல்வதைப் பற்றி நாம் கவிதை எழுதுகிறோம், ஊர்வலம் போகிறோம். அதே கரையில் பிறந்த ஒருவரின் குரலுக்கு இடைத்தரகர் விலை சொன்னபோது யாரும் கேட்கவில்லை. மீனாவது ஒருமுறை விற்றால் முடிந்துவிடும். குரலை ஒருமுறை வாங்கியவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் விற்கிறார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்கு உரிமை இருக்கிறது என்கிறது. அந்த உரிமையைக் கையெழுத்து வாங்கும் மேசையில் யார் எடுத்துச் சொன்னார்கள்? அமெரிக்க நடிகர்கள் 2023இல் ஜூலை முதல் நவம்பர் வரை வேலைநிறுத்தம் செய்து, தங்கள் உருவத்தையும் குரலையும் கணினியில் நகலெடுக்க முன்சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். 2024இல் டெனசி மாநிலம் குரலைக் காக்கச் சட்டமே இயற்றியது. அந்த நடிகர்களுக்குச் சங்கம் இருந்தது. தனித்தனியாக பஸ்ஸில் வந்து தனித்தனியாகத் திரும்பிப் போன நம் குரல் கலைஞர்களுக்கு அது இல்லை. இனியாவது வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அவருடைய பேத்திக்கு மூத்தாப்பாவின் குரல்வளம் வாய்த்திருக்கிறது. கற்பிட்டிக் கடைகளின் விளம்பரங்களைக் கைத்தொலைபேசியில் பேசி அனுப்பிச் சிறு வருமானம் பார்க்கிறாள். அண்மையில் ஒரு தரகர் வழியாக வந்த வேலை வேறு மாதிரி: ஆயிரக்கணக்கான தனி வாக்கியங்களை ஒரே சீராக, உணர்ச்சியில்லாமல் வாசித்துத் தரவேண்டும். கணினிக்குத் தமிழ் பேசப் பழக்குவதற்காம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில், குரலைக் காலவரையின்றி எதற்கும் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு பிரிவு.

"உணர்ச்சி வேணாமாம். அப்ப என்னத்துக்கு மனிசக் குரல்?" என்று கேட்டார் ரேடியோ நானா.

"உணர்ச்சியை அவங்க பிறகு போட்டுக்குவாங்களாம், மூத்தாப்பா" என்றாள் அவள்.

அவர் பெட்டியிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவை நண்பர் தமிழில் சொல்லச் சொல்ல, மூன்று நிபந்தனைகளை ஓரத்தில் எழுதினார்: எதற்கு என்று சொல்லவேண்டும், எத்தனை வருடம் என்று சொல்லவேண்டும், வேறொன்றுக்கு எடுத்தால் திரும்பக் கேட்டு, திரும்பக் காசு தரவேண்டும். பேத்தி அதைப் படமெடுத்துத் தரகருக்கு அனுப்பினாள். நாங்கள் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது: அப்படியெல்லாம் வழக்கமில்லை, வேறு பெண்கள் காத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தைப் புத்தளத்தில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டும் பொறுப்பை நண்பர் ஏற்றிருக்கிறார். அதுவரை ஒரு வாக்கியமும் தரமாட்டேன் என்று அவளும் தரகருக்கு எழுதிவிட்டாள். காத்திருக்கும் அந்த வேறு பெண்கள் யார், அவர்களை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் இப்போது நண்பரும் பேத்தியும் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்.