பூங்குழலியின் படகும் எங்கள் தோழியின் கரையும்

நாங்கள் வயல்வெளிப் பிள்ளைகள். மேட்டூர் அணை திறந்த செய்தி கேட்டால் குறுவைக்கு நாற்று விடும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி என்று ஆறுகளை அடுக்கிச் சொல்வோம். ஆறுகள் போய்ச் சேரும் கடலையோ வேளாங்கண்ணித் திருவிழாவின்போது மட்டுமே கண்டிருக்கிறோம். இத்தனைக்கும் தஞ்சையிலிருந்து நாகை ஏறத்தாழ 80 கி.மீ.தான்!

இவ்வாண்டு இலக்கிய மன்றத்துக்காக எங்கள் தமிழம்மா ஒரு பணி கொடுத்தார்கள். 'பொன்னியின் செல்வன்' நாவலின் இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்'றைப் படித்து, அதில் வரும் கடற்காட்சிகளின் களம், கருவி, உரையாடல் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை அது. எழுதிய கல்கியும் மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலத்தில் பிறந்தவர், நம் காவிரிக்கரைக்காரர். மகிழ்ச்சியோடு தொடங்கினோம்.

களத்தில் குறை காண்பது எளிதாயிற்று. கோடிக்கரைக் காடும், வந்தியத்தேவன் சிக்கிக்கொள்ளும் சேற்றுப் பள்ளமும் கண்முன் நின்றன. ஆனால் நாகைச் சூடாமணி விகாரத்தில் எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஆனைமங்கலச் செப்பேடுகளின்படி அவ்விகாரத்துக்கு இராசராசர் ஊர் வழங்கியது அவரது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில். கதையோ அவருடைய தந்தை சுந்தர சோழர் காலத்தில் நடக்கிறது! கல்கியையே மடக்கிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அடுத்து, கருவி. பாய்மரம், சுக்கான், துடுப்பு, நங்கூரம் என்று பட்டியல் எழுதினோம். மின்னல் தாக்கிக் கப்பல் எரியும் இடத்தைப் படித்துவிட்டு, "இதுதான் விறுவிறுப்பு! அதற்குமுன் காற்று நின்றுபோகும் பகுதி எதற்கு? குறைத்திருக்கலாம்" என்றாள் ஒருத்தி.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "காத்து நின்னாத்தான் பயம்."

பேசியவள் கடலோரக் குப்பமொன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி. அவள் வந்த புதிதில் அவளது பேச்சைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்தவர்கள் நாங்கள். அதன்பின் அவள் வகுப்பில் அதிகம் வாய்திறந்ததில்லை. தமிழம்மா, "சொல்லம்மா" என்றார்கள்.

"காத்து நின்னு, நீவாடும் மாறிச்சுன்னா எங்கப்பா மீனைப் பார்க்கமாட்டாரு, கரையைத்தான் பார்ப்பாரு. இப்போ பைபர் படகு, என்ஜின், ஜிபிஎஸ் எல்லாம் இருக்கு. ஆனாலும் விடியுமுன்னே வானத்தைப் பார்க்காமே படகைத் தள்ளமாட்டாரு."

நீவாடு என்றால் நீரோட்டமாம். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று திசைக்கொரு காற்றின் பெயரும் சொன்னாள். எங்கள் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

உரையாடலுக்கு வந்தோம். படகுக்காரி பூங்குழலி ஏன் அரண்மனைப் பெண்களைப் போலவே நல்ல தமிழ் பேசுகிறாள் என்று கேட்டோம். பிறகு, "ஒரு பெண் தனியாக இலங்கைக்குப் படகு வலிப்பாளா?" என்று தோழியையே வினவினோம்.

"எங்க ஊர்லே பொம்பளைங்க கடலுக்குப் போறதில்லே. ஆனா எத்தனை பேரு போனாங்க, எத்தனை பேரு திரும்பினாங்கன்னு எண்ணிக்கிட்டே கரையிலே நிக்கிறது எங்கம்மாதான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "2004 சுனாமியன்னைக்கு எங்கப்பா ஆழக்கடல்லே இருந்தாரு. ஒண்ணுமே தெரியலையாம். கரையிலே இருந்த எங்க அப்பாயிதான் போயிட்டாங்க. நாங்கல்லாம் அப்போ பொறக்கவே இல்லே" என்றாள்.

வகுப்பு ஓய்ந்தது. ஆழ்கடலில் சுனாமி அலை தாழ்வாக ஓடும், ஆழம் குறையக் குறையத்தான் உயர்ந்து எழும் என்று அறிவியல் பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அன்றுதான் அது எங்களுக்குப் புரிந்தது. முற்காலச் சோழர் கட்டியதாகக் கருதப்படும் கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் எச்சமும் அதே அலையில்தான் அழிந்தது. கதையில் கடல் ஆபத்து, கரை அடைக்கலம். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தலைகீழாயிற்று.

நாங்கள் எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். 'கருவி' என்ற பகுதியில் காற்றுகளின் பெயர்களைச் சேர்த்தோம். சொன்னவள் பெயரையும் போட்டோம். அவளிடம் மன்னிப்பும் கேட்டோம். "சரி விடுங்கடி" என்றாள்.

இப்போது இரவுச் செபம் முடிந்ததும் அவள் எங்களை மொட்டைமாடிக்கு அழைத்துப் போகிறாள். கையை நீட்டி, மூடிய முஷ்டியை அடிவானத்தின்மேல் வைத்தால், அதற்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். நம் தஞ்சையில் அது 10 பாகைக்கு மேல் அதிகம் உயர்வதில்லை. புயலில் தத்தளித்த போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவை வேண்டி வேளாங்கண்ணியில் கரையேறினார்கள் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் வரலாறு. கடலின் விண்மீன் என்று அன்னையை ஏன் அழைக்கிறோம் என்று அந்த மாடியில் நின்றபோது விளங்கிற்று.

இரவுச் செபத்தில் இன்று ஒரு மன்றாட்டைக் கூட்டிச் சொல்கிறோம்: கடலுக்குப் போனவர்களுக்காக, கரையில் நின்று எண்ணுகிறவர்களுக்காக.