ஏற்றத்திற்கு ஏற்ற பல்சக்கரம்

சமவெளியில் சைக்கிள் மிதிப்பவன் பெரும்பாலும் காற்றோடுதான் போராடுகிறான். மலையேறுபவனோ தன் உடலின் எடையையும் வண்டியின் எடையையும் மிதிக்கு மிதி மேலே தூக்கிச் செல்ல வேண்டியவன். சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிற்குள் 1,000 மீட்டருக்கும் மேல் உயர வேண்டும். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்! பல ஆண்டுகளாக அச்சாலையில் சைக்கிளில் ஏறி வருபவன் என்பதால், என் தம்பி மகன் சென்ற ஆண்டு என்னிடம் யோசனை கேட்டு வந்தான்.

அவனுக்கு வயது 24. கால்பந்தாட்டத்தில் முழங்காலில் அடிபட்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. சைக்கிள் ஓட்டலாம், முழங்காலுக்கு மிகுந்த அழுத்தம் மட்டும் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. மலைப்பக்கமே போக வேண்டாம் என்பது அவனுடைய தாயின் மன்றாட்டு. நண்பர்களோடு ஏற்காடு ஏற வேண்டும் என்பது அவனுடைய ஆசை. போதாக்குறைக்கு, கடைக்காரர் ஒருவர், "பெரிய பல்சக்கரமெல்லாம் வயதானவர்களுக்குத்தான் தம்பி, பந்தயக்காரர்கள் பூட்டுவதையே நீயும் பூட்டிக்கொள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இவ்வெண்ணம் புதிதன்று. 1903ஆம் ஆண்டில் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் புகழ்பெற்ற பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்சு, கியர் மாற்றும் கருவி 45 வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்று கருதியவர். 1910இல் பந்தயம் பிரெனீசு மலையின் உயர்ந்த கணவாய்களில் ஏறத் தொடங்கிய பின்னரும் அவர் மனம் மாறவில்லை. வீரர்கள் மலையடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்தில் இருந்த பெரிய பல்சக்கரத்தின் துணையால் ஏறினார்கள். 1937இல்தான் அக்கருவிக்கு அனுமதி கிடைத்தது. இன்று அது இல்லாமல் அப்பந்தயத்தில் ஏறுவார் எவருமில்லை. வீம்புக்கு மலை வளைந்து கொடுப்பதில்லை அன்றோ!

தம்பி மகனை அமர வைத்து, ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினேன். பந்தய சைக்கிளின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். முன்னால் 39 பற்களும் பின்னால் 25 பற்களும் இருந்தால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 3.3 மீட்டர் செல்லும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் 2.1 மீட்டர்தான் செல்லும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது முதலாவதில் நிமிடத்திற்கு 41 சுற்றுகள். இரண்டாவதில் 63 சுற்றுகள். ஏறும் உயரம் ஒன்றே, மொத்த உழைப்பும் ஒன்றே. ஆனால் ஒவ்வொரு மிதியிலும் கால் கொடுக்க வேண்டிய அழுத்தம் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் குறைந்துவிடுகிறது.

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் தாய், "உயரமான படிகளுக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் படிகளாகக் கட்டியதுபோல என்று சொல்லுங்கள், மாமா" என்றார். இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

இதனால் இழப்பே இல்லையா? உண்டு. பின்னால் 11 முதல் 34 பற்கள் வரை அடுக்கினால், ஒரு பல்சக்கரத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி கூடும். சமவெளியில் காலுக்கு இதமான வேகம் சில வேளைகளில் இரண்டிற்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். செயினும் நீளமாக வேண்டும். செயினை நகர்த்தும் பின்புறக் கருவி அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்று வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும். ஆனால் முன்னால் 50 பற்கள் கொண்ட பெரிய சக்கரமும் இருக்குமாதலால், சமவெளியில் விரைந்து செல்வதற்குத் தடையில்லை.

"எதை வைத்து முடிவு செய்வது, பெரியப்பா?" என்று கேட்டான். "முதல் வளைவை வைத்து முடிவு செய்யாதே. கால்கள் களைத்த பின் வரும் கடைசி வளைவை நினைத்துக்கொள். அங்கே இருக்கையை விட்டு எழாமல், நிமிடத்திற்கு 60 சுற்றுகளாவது மிதிக்க முடிய வேண்டும்" என்றேன். வளைவின் உட்புறம் செங்குத்தாக இருக்குமாதலால் அதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். முழு வலிமையோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் முரண்டும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

34க்கு 34 என்றே பூட்டினான். கடந்த தை மாதத்தில் இருவரும் ஏறினோம். அவன் நண்பர்கள் வெகுதூரம் முன்னே சென்றுவிட்டார்கள், அவன் கவலைப்படவில்லை. தண்ணீர் குடிக்க இருமுறை நின்றதைத் தவிர, காலைத் தரையில் ஊன்றாமல் ஏரிக்கரை வரை வந்து சேர்ந்தான். மறுநாள் காலையில் அவன் தாய் முழங்காலைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மலையேற சைக்கிள் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் மட்டும் கேட்காதீர்கள். முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்திற்கு எத்தனை பற்கள்? பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்திற்கு எத்தனை பற்கள்? இவ்விரு எண்களும் பிறர் மெச்சுவதற்காக அல்ல, ஓட்டுபவரின் முழங்காலுக்காக அமையட்டும்.