வேர்ப்பக்கம் எது?

ஒரு ஹேர் எக்ஸ்டென்ஷன் ஓராண்டு உழைக்கிறது. இன்னொன்று நாலு முறை தலைக்குக் குளித்ததுமே சடை பிடித்துவிடுகிறது. இரண்டும் மனித முடிதான். இந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று தேடியபோது முதலில் எதிர்ப்பட்டவை ஊர்ப்பெயர்கள்: பிரேசிலியன், பெருவியன், மலேசியன். அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த நாடுகளுக்குப் போய்ச் சேர முடியாது. சந்தைக்கு வரும் முடியில் பெரும்பங்கு இந்தியாவிலும் சீனாவிலும் திரட்டப்பட்டு, சீனாவின் ஷுசாங் போன்ற நகரங்களில் பதமாகிப் புறப்படுகிறது. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் அலையையும் சுருளையும் சொல்ல வணிகர்கள் வைத்துக்கொண்டவை. எனவே ஊரை விட்டுவிட்டு முடியையே பார்த்தேன்.

நீண்ட முடி ஒன்றை வேர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு இரு விரல்களால் நுனிவரை உருவினால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேரை நோக்கி உருவினால் விரலில் ஒரு சொரசொரப்புத் தட்டும். மீனின் செதிலை வாலிலிருந்து தலைநோக்கிச் சுரண்டும்போது கத்தி மாட்டுமே, அதே காரணம்தான். முடியின் மேற்புறம் கெரட்டின் செதில்களால் ஆனது; ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து முதல் பத்து அடுக்குகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்ரான் தடிமன். செதில்களின் திறந்த விளிம்பு எப்போதும் நுனியை நோக்கியே இருக்கும். தலையில் எல்லா முடியும் ஒரே திசையில் வளர்வதால் செதில்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. பத்து முடியைத் தலைகீழாகக் கலந்து வைத்தால், எதிரெதிர்ச் செதில்கள் கோத்துக்கொள்கின்றன. ஆட்டுரோமம் அலசி அழுத்தும்போது கம்பளமாகத் திரள்வது இதனால்தான். நீர் பட்டால் முடி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பருக்கிறது, செதில் விளிம்புகளும் தூக்கிக்கொள்கின்றன. சிக்கு குளியலில் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

ஆக, ஒரு எக்ஸ்டென்ஷனின் ஆயுளில் பெரும்பாதி அது முதன்முதல் கைக்கு வந்த விதத்திலேயே முடிவாகிவிடுகிறது. திருமலைக் கோயிலின் முடிகாணிக்கை இடமான கல்யாண கட்டாவில் பெண்களின் நீள முடியை முதலில் முடிச்சிட்டுக்கொண்டு பிறகே மழிக்கிறார்கள்; வேர்முனைகள் எல்லாம் ஒரு பக்கமாகவே விழுகின்றன. இப்படித் திசை மாறாத முடியைத்தான் வணிகத்தில் ரெமி என்கிறார்கள். இன்னொரு வழி, நம் தெருக்களில் பாத்திரத்துக்கும் காசுக்கும் வாங்கிப் போகிறார்களே, அந்தச் சிக்கு முடி. சீப்பில் உதிர்ந்து பந்தாகச் சுருண்ட அதில் வேரும் நுனியும் கலந்துவிடும். கர்நாடகத்தின் கொப்பல், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் பக்கங்களில் பெண்கள் உட்கார்ந்து ஊசியால் அதை இழையிழையாகப் பிரிக்கிறார்கள். அந்த உழைப்புக்குப் பிறகும் திசை தானாகச் சீராவதில்லை. எனவே அமிலத்தில் போட்டுச் செதிலையே கரைத்து, மேலே சிலிக்கோன் பூசி விற்கிறார்கள். கம்பளி சுருங்காமலிருக்க ஆலைகள் குளோரினால் செதிலை அரித்துப் பிசின் பூசுகின்றனவே, அதே உத்தி. கடையில் அந்த முடி ரெமியைவிடப் பளபளக்கும். சிலிக்கோன் சில அலசலில் போய்விடும். உள்ளே இருப்பது கவசமிழந்த நார்; உரசித் தேய்ந்து அது சிக்கிக்கொள்ளும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: ஆசிய முடி பருத்தது, குறுக்குவெட்டில் வட்டமானது, ஐரோப்பிய முடி மெலிந்தது, ஆப்பிரிக்க முடி தட்டையானது, தரத்துக்கு வம்சம் காரணமில்லையா? காரணம்தான், ஆனால் ஓரளவுக்கே. பருமன் இழுவலிமையைக் கூட்டும். பருத்த இழையானாலும் செதில் போனால் சிக்காமல் காக்க அதனால் முடியாது. மேலும் கறுப்பு முடியைப் பொன்னிறமாக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு மெலனினோடு நிற்பதில்லை. இழைக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகளையும், செதிலின்மேல் இயற்கையாக ஒட்டியிருக்கும் கொழுப்புப் படலத்தையும் சேர்த்தே அழிக்கிறது. வலிமையான முடியை வாங்கி வெளுத்து வெளுத்து மெலிந்ததாக்கிவிட்டு வம்சத்தைப் பேசுவதில் பொருளில்லை.

உதிர்ந்த முடியையும் திசைப்படுத்த முடியுமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மை. சவுரி செய்வோர் பல காலமாக அறிந்த நுட்பம் அது: ஈரத்தில் தேய்த்தால் ஒவ்வொரு இழையும் தன் வேர்ப்பக்கமாகவே நகரும், தலைகீழாகக் கிடப்பவை எதிர்ப்புறம் நீண்டுவிடும், பிடித்து உருவித் திருப்பிவிடலாம். அப்படிச் செய்த முடியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது என் வாதத்துக்கே சான்று. தரம் வருவது கோயிலிலிருந்தோ சீப்பிலிருந்தோ அல்ல, காப்பாற்றப்பட்ட செதிலிலிருந்தும் திசையிலிருந்தும். நீளத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அறுபது சென்டிமீட்டர் முடியின் நுனி ஐந்து வருட வெயிலும் சீப்பும் பார்த்தது. நல்ல ரெமியிலும் நுனிதான் முதலில் தேயும். தலையிலிருந்து பிரிந்தபின் எண்ணெய் சுரந்து காக்க அதற்குத் தலைத்தோல் இல்லை.

பெட்டியில் ஊரின் பெயரை அச்சிடுகிறவர்கள், அமிலத்தில் முக்கியதா, வெளுத்ததா, வேர் ஒரு பக்கமா என்ற மூன்றையும் அச்சிட வேண்டும். வாங்குகிறவர் கேட்டால்தான் அது நடக்கும். அதுவரை, ஒரு கற்றையை ஷாம்பூ போட்டு நாலைந்து முறை அலசிக் காயவைத்து, மேலும் கீழுமாக உருவிப் பாருங்கள். கீழே போகும்போது வழுக்கி மேலே வரும்போது சொரசொரத்தால் செதில் இருக்கிறது, திசையும் ஒன்றாக இருக்கிறது என்று நம்பி வாங்கலாம்.